மூன்று பாட்டு விதி

இசைக்கு ஒரு மனிதன் செய்யக்கூடிய தொண்டுகளில் தலையாயது, வாசிப்பதை நிறுத்திக்கொள்வது. என் கணவர் அந்தத் தொண்டைச் செய்தவர். அந்த வரலாற்று முடிவு எடுக்கப்பட்ட உரையாடல், ஒத்திகை முடிந்த ஒரு மாலையில், பல் டாக்டரின் கிளினிக்கில் நடந்தது. உடன் இருந்தவள் என்பதால் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

“ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?” என்றார் பல் டாக்டர் என் கணவரிடம்.

“சொல்லுங்க டாக்டர்.”

“நீ எல்லா இடத்துலயும் அரை பீட் முந்தி வந்துடற.”

“அரை பீட்தானே?”

“அதனால நாங்க அஞ்சு பேரும் பிந்தி வர்ற மாதிரி ஆயிடுது.”

“அப்ப நீங்க கொஞ்சம் வேகமா வந்து பாருங்களேன்.”

“பதினாறு கச்சேரியா வந்து பார்த்தோம். மூச்சு வாங்குது.”

எங்கள் குழுவில் ஆறு பேர். பல் டாக்டர் கீபோர்டு, தலைவரும் அவரே. நான் பாட்டு. என் கணவர் கிட்டார். யாருக்கும் இது பிழைப்பு அல்ல. வருடத்துக்கு ஒரு முறை, நூலகக் கட்டடத்தின் மாடியில், நூற்றிருபது மடக்கு நாற்காலிகளுக்கு முன்னால் கச்சேரி. நாற்காலிகளில் பாதிக்கு மேல் எங்கள் உறவினர்கள்.

பல் டாக்டர் அனுபவசாலி. வலி தெரியாமல் பிடுங்கினார். “வெளிய போன்னு சொல்லல. உன்கிட்டதான் காமிரா இருக்கே? எங்களைப் படம் எடு. அதுவும் இசைதான்” என்றார். என் கணவர் தலையாட்டினார், அதையும் அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள்.

கிட்டார் உறைக்குள் போய் அலமாரி மேல் படுத்தது. பதினோரு வருடம் ஆகிறது. அந்தக் கிட்டாரைப் பற்றி அவரிடம் சமர்ப்பிக்க எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அன்று முதல் நிலுவையில் உள்ளது. உரிய அதிகாரியின் முகத்துக்கு முன்னால் எப்போதும் காமிரா இருப்பதால் தாக்கல் செய்ய இயலவில்லை.

அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அரை பீட் முந்துவது கிட்டாரில் குற்றம். காமிராவில் அதுதான் ஞானம். பாடகர் வாய் திறப்பதற்கு அரை பீட் முன்னால் பொத்தானை அழுத்தினால்தான் திறந்த வாய் படத்தில் விழும். மற்றவர்கள் மூடிய வாய்களைச் சேகரித்துக்கொண்டிருந்த காலத்தில், என் கணவர் நாற்பத்திரண்டாயிரம் திறந்த வாய்களைச் சேகரித்தார். ஊரில் எந்தக் கச்சேரி நடந்தாலும் மேடைக்கு இடப்பக்கம், கறுப்புச் சட்டையில், அரைகுறையாக மண்டியிட்டு ஓர் உருவம் தெரியும். பகலில் அதே உருவம்தான் குடிநீர் அலுவலகத்தில் குழாய் இணைப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறது.

கச்சேரிப் படக்காரர்களுக்கென்று ஒரு விதி உண்டு. முதல் மூன்று பாட்டுகளுக்கு மட்டும்தான் மேடைக்கு முன்னால் நிற்கலாம். நான்காவது தொடங்கினால் போய்விட வேண்டும். இது பெரிய அரங்குகளில், பெரிய பாடகர்களுக்காக, காவலாளி வைத்து அமல்படுத்தும் விதி. நூலக மாடியில் காவலாளி கிடையாது. யாரும் அவரைப் போகச் சொன்னதும் கிடையாது. ஆனால் கொள்கையுள்ள மனிதருக்குக் காவலாளி எதற்கு? என் மூன்றாவது பாட்டுக்குக் கைதட்டல் ஓய்வதற்குள் அவர் பையை மூடி, குனிந்தபடியே வெளியேறி, படிக்கட்டில் உட்கார்ந்து, எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பதினோரு வருடங்களாக என் நான்காவது பாட்டை அவர் கேட்டதில்லை.

முதல் மூன்றைக் கேட்டாரா என்பதை எங்கள் மகள் ஒருமுறை விசாரித்தாள்.

“அப்பா, அம்மா இன்னிக்கு எப்படிப் பாடினாங்க?”

“வெளிச்சம் கொஞ்சம் கம்மி.”

“பாட்டுப்பா.”

“ரெண்டாவது பாட்டுல நல்லா இருந்தாங்க. பின்னாடி அந்த நாற்காலி மட்டும் இல்லாம இருந்திருக்கலாம்.”

“அம்மா, நீ நாற்காலியை விட்டுட்டுப் பாடியிருக்கலாம்ல?” என்றாள் மகள். நான் அடுத்த முறை கவனிப்பதாக ஒப்புக்கொண்டேன்.

எங்கள் நிகழ்ச்சியில் எப்போதும் ஆறாவதாக ஒரு பாட்டு வரும். கல்யாணத்துக்கு முந்தின வருடம் நான் எழுதி, அவர் மெட்டுப் போட்டது. இரண்டாவது சரணம் முடிந்ததும் நான் நிறுத்துவேன். நாலு பீட் கிட்டார் மட்டும் தனியாக வரும். பிறகு நான் சேர்ந்துகொள்வேன். கிட்டார் அலமாரி மேல் ஏறிய பிறகு அந்த நாலு பீட்டில் ஒன்றுமில்லை.

“பல் விழுந்த இடம் மாதிரி இருக்கும்மா. கீபோர்டுல ஒண்ணு கட்டி வெச்சுடறேனே?” என்று பல் டாக்டர் வருடா வருடம் கேட்பார்.

“வேண்டாம் டாக்டர். காலியாவே இருக்கட்டும்.”

“பக்கத்துப் பல்லெல்லாம் சாய ஆரம்பிச்சுடும்.”

“சாயட்டும்.”

இந்த வருடம் நான் ஒரு நிர்வாக மாற்றம் கோரினேன். “ஆறாவது பாட்டை மூணாவதா வெச்சுடுங்க டாக்டர்.” அவர் ஏன் என்று கேட்கவில்லை. பேனாவை எடுத்து ஆறை அடித்து மூன்று என்று எழுதினார். பற்களைப் பார்த்தே மனிதர்களைப் புரிந்துகொள்கிறவர்.

கச்சேரியன்று அந்தப் பாட்டின் இரண்டாவது சரணம் முடிந்தது. நிறுத்தினேன். மேடைக்கு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். முன்பு அவர் கிட்டாருடன் நின்ற இடம் அது. இப்போது காமிராவுடன் மண்டியிட்டிருந்தார். கூடம் அமைதியாக இருந்தது. சரியாக அரை பீட் முன்னதாக, கிட்டார் வர வேண்டிய இடத்தில், ஒரு ‘க்ளிக்’ வந்தது.

தாளம் தவறாத மனிதர். தவறுகூடப் பழைய இடத்திலேயே வந்தது.

அந்தப் படம் ஒளிப்பட ஆர்வலர் மன்றத்தின் “மாதத்தின் சிறந்த படம்” ஆகத் தேர்வானது. மன்றத்தின் ஆய்வுக் கூட்டங்கள், ஞாயிறு காலை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில் நடக்கும். படத்துக்கு உரிய “பொருள்” என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது. ‘இங்கே திரும்பாதே’ என்ற பலகைக்கும் ‘ஒலி எழுப்பாதே’ என்ற பலகைக்கும் நடுவில் திரையைத் தொங்கவிட்டு, என் முகத்தை ஆறடி உயரத்துக்குக் காட்டினார்கள்.

தலைவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், குச்சியால் என் இடது கண்ணைத் தொட்டார். “நாம இன்னிக்கு ஆராய வேண்டிய விஷயம் இதான். இந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்?”

“இடது புருவம் கொஞ்சம் மங்கல்” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

“அர்த்தம் கேட்டேன்.”

“மங்கலுக்கு அப்புறம்தானே சார் அர்த்தம்?”

வீட்டு மனைத் தரகர் எழுந்து, இது மனித குலத்தின் தனிமை என்றார். பின்னால் இருக்கும் காலியிடம் அதைத்தான் காட்டுகிறதாம். கால்நடை மருத்துவரான அம்மையார் ஒத்துக்கொள்ளவில்லை. “இந்தப் பார்வையை நான் தினம் பார்க்கறேன். நாய்க்கு வயித்து வலி வந்தா இப்படித்தான் முழிக்கும்.”

தனிமைக்கு நான்கு வாக்கு, வயிற்று வலிக்கு மூன்று. தலைவர் என் கணவரைக் கேட்டார். “எடுத்தவர் நீங்க. நீங்க சொல்லுங்க.”

என் கணவர் எழுந்தார். “தெரியல சார். ஆனா அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. எங்கயோ பார்த்திருக்கேன். அதான், கை தானா அழுத்திடுச்சு.”

பலத்த கைதட்டல். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தும், எங்கேயோ பார்த்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட நினைவாற்றல்.

“அம்மா, நீங்களே சொல்லிடுங்களேன். அப்ப என்ன நினைச்சீங்க?” என்றார் தலைவர்.

நான் எழுந்தேன். என் கணவர் பழக்கத்தில் காமிராவை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டு போனார். அதன் முன்பக்கத்தை உள்ளங்கையால் மூடினேன். மூடி மாட்டிய மாதிரி இருந்தது. அவர் காமிராவை மெதுவாக இறக்கினார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக, உரிய அதிகாரி இருக்கையில் இருந்தார்.

“அது தனிமையும் இல்ல, வயித்து வலியும் இல்ல சார்” என்றேன். “அந்த இடத்துல கிட்டார் வரணும். அதுக்காகத் திரும்பிப் பார்த்தேன்.”

கண்ணாடிக் கடைக்காரர் திரையில் என் புருவத்தை மறுபடி பார்த்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். “ஏங்க, நாப்பத்திரண்டாயிரம் படம் எடுத்திருக்கீங்க. ஒண்ணுல கூட நீங்க இல்ல. வீட்டுக்குப் போனதும் அந்தக் கிட்டாரைக் கீழ இறக்குங்க. என்கூட வாசிங்க. அரை பீட் முந்தினா முந்திட்டுப் போங்க, நானும் கூடச் சேர்ந்து முந்திக்கறேன். ஆனா நாலாவது பாட்டுக்கும் இருங்க.”