மேடைக்கு வராத பெண்

எர்ணாவூரில் தனியாகக் குடியிருக்கும் மச்சான் வேலப்பன் சமூகத்துக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து உன் தங்கை புருஷன் தாமோதரன் சொல்ல, தையற்கடை ஆலிஸ் எழுதும் கடிதம். உன் முட்டிவலி, உன் இருமல், உன் கோழிகள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று முறைப்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதச் சொன்னேன். ஆலிஸ் என் சட்டையைப் பார்த்துவிட்டு, அதை மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

போனில் பேசக் கூடாதா என்பாய். பேசத்தான் பார்த்தேன். உன் நம்பருக்குப் போட்டால் அங்கே வந்திருக்கும் உன் தங்கை மங்கம்மா எடுக்கிறாள், என் தொண்டைக் கமறல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். ஒன்பது நாளில் பதினோரு தடவை. நம் இருவருக்கும் எழுத்து வராதுதான். ஆனாலும் கடிதம் என்றால் நீயும் நானும் நேராகப் பேசிக்கொண்ட மாதிரி, நடுவில் யாரும் வர முடியாது என்று நினைத்து இந்த வழிக்கு வந்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அவள் உன்னிடம் வாயே திறந்திருக்க மாட்டாள். எங்கள் தெருக்கோடியில் ரமாபாய் என்று காலேஜில் பாடம் நடத்துகிற பெண் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ரோமாபுரியில் ஆடிய தமாஷ் நாடகங்களின் சாயலில் அது ஒன்று எழுதி, எங்களைப் போல துறைமுகத்தில் ரிட்டையரான கிழவர்களை வைத்துச் சமூகக்கூடத்தில் போட்டது. அந்த ஊரில் பொம்பளை வேஷத்தையும் ஆம்பளைதான் முகமூடி மாட்டிக்கொண்டு கட்டுவானாம். அதிலும் நாலைந்து ரகம்தானாம். சீதனத்தோடு வந்து புருஷனை அதட்டுகிற பெண்டாட்டி, காசைப் பார்த்துச் சிரிக்கிற தாசி, மொந்தையைக் கண்டால் விடாத கிழவி, இப்படி. பெண்டாட்டி எப்போது சாவாள் என்று புருஷன் சாமியைக் கேட்பான், ஜனம் சிரிக்கும். எனக்கு அந்தப் பெண்டாட்டி வேஷம், துறைமுகத்தில் சரக்குச் சீட்டெழுதுகிற வேலை பார்த்த மஜீதுக்குப் புருஷன் வேஷம். படிக்கத் தெரியாதவனுக்கு எதற்கு வேஷம் என்று அவன் முனகினான். ரமாபாய் இரண்டு தடவை படித்துக் காட்டியது, மூன்றாவது தடவை மஜீதுடைய பாடத்தையும் சேர்த்து நானே ஒப்பித்தேன். என் ஞாபகம் உனக்குத் தெரியாததா. எழுபத்துநாலில் நாம் இறக்கிய கோதுமைக் கப்பலில் எந்த அறையில் எலி செத்துக் கிடந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த ஞாபகம்தான் என்னைக் கெடுத்தது. பெண்டாட்டிக்கு வசனம் குறைச்சல், உங்களுக்குத் தெரிந்த மாதிரி கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ரமாபாய் சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்த பெண்டாட்டி ஒருத்திதானே. அவள் பெட்டியிலிருந்து மாம்பழக் கலர் புடவையை எடுத்தேன். கேட்கவில்லை, கேட்டால் கொடுக்கத்தானே போகிறாள் என்று கேட்கவில்லை. கொண்டையை அவிழ்த்து முடிவது, முந்தானையைச் சொருகிவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பது, எல்லாம் அவளுடையது. விசில் பறந்தது. அந்த மிதப்பில் அந்த வார்த்தையையும் எடுத்துவிட்டேன்.

எந்த வார்த்தை என்று உனக்குத் தெரியும், நீயும் பக்கத்தில் நின்றாய். எண்பத்தாறில் கயிறு அறுந்து பாரம் விழுந்து நம் கேங்கில் இரண்டு பேர் போனார்கள். பிணத்தை வாங்கி, கொண்டுபோய், எடுத்து முடிக்கிறவரை நீயும் நானும் வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை. செத்தது யார் என்று தெரியாமல் இரண்டு பகல் அவள் துறைமுகக் கேட்டில் நின்றாள். கடைசியில் என்னைப் பார்த்ததும் அழவில்லை, முந்தானையைச் சொருகிக்கொண்டு கேட்டாள், "நீ உசுரோட கீறியா இல்லியான்னு நான் யாராண்ட போயி கேக்கறது?"

அதே குரலில் மேடையில் கேட்டேன். மஜீது சும்மா இருப்பானா. கையை மேலே தூக்கி, "நான் கீறேன், நீயும் கீறியே, அதான் பேஜாரு" என்றான். கூரை பிய்த்துக்கொள்ளும் சிரிப்பு. முகமூடியில் இரண்டு ஓட்டைதான், நேரே இருப்பது மட்டும் தெரியும். நேரே முதல் வரிசையில் மங்கம்மா. வீட்டுச் சாமானைத் தெருவில் பரப்பி வைத்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

நாடகம் முழுக்க ஒரு பெண்ணுக்காக அப்பனும் மகனும் அடித்துக்கொள்கிறார்கள், அடிமை ஒருத்தன் தந்திரம் பண்ணிக் கல்யாணத்தை முடிக்கிறான். திரை விழுந்ததும் மங்கம்மா எழுந்து நின்று, "அந்தப் பொண்ணு எப்ப வரும்?" என்று கேட்டாள். வராது, அந்தக் காலத்தில் குடும்பத்துப் பெண் மேடைக்கு வந்து பேசுவதே அபூர்வம், சிலதில் பிரசவ வலியில் உள்ளேயிருந்து கத்துகிற சத்தம் மட்டும் கேட்கும் என்று ரமாபாய் விளக்கியது. "அதுக்கு இஷ்டமான்னு யாருமே கேக்கலியே" என்றாள் இவள். அதற்கும் சிரித்தார்கள். ரமாபாய் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில், நான் மடிக்காமல் போட்டிருந்த அந்தப் புடவையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு எர்ணாவூர் பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து என் பிழைப்பைக் கேட்காதே. மீன்காரி கூடையை இறக்கி, "இன்னா அத்த, சங்கராவா காரப்பொடியா?" என்கிறாள். தெருவே அத்தை என்கிறது. சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் கருகியது, மூன்றாம் நாள் அரிசி டப்பாவே அகப்படவில்லை. மஜீது ஆறுதல் சொல்ல வந்தவன், மறுபடி எப்போது போடுகிறோம் என்று கேட்டான், அவனோடும் பேச்சில்லை. முகமூடியை ஆணியில் மாட்டியிருந்தேன். அது கேட்டில் நிற்கிற மாதிரியே பார்த்தது, சுவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஒன்று மட்டும் உன்னோடு பேச வேண்டும் மச்சான். எழுபத்தேழு பங்குனியில் நீயும் நானும் ஷிப்ட் மாறுகிற நேரம் டீக்கடையில் நின்றோம். ஒரு பன்னைப் பிட்டுப் பாதியைக் கொடுத்து, "மாமு, எந்தங்கச்சியக் கட்டிக்கிறியா?" என்றாய். பன்னில் எறும்பு இருந்தது. உன் இடது கையில் போட்டிருந்த துணிக்கட்டில் கிரீஸ் இருந்தது. கடை ரேடியோவில் மழைச் செய்தி ஓடியது. டீ ஆறுவதற்குள் தேதி வரைக்கும் முடித்துவிட்டோம். ஒன்பது நாளாக அந்த நாளைக் கிளறுகிறேன், எறும்புவரை கிடைக்கிறது, மங்கம்மா கிடைக்கவில்லை. அவள் அதில் இல்லவே இல்லை.

ஆகவே மூத்தவனாக நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு நல்ல நாள். அவளைத் தயாராக இருக்கச் சொல், நான் ஆட்டோவோடு வந்து நிற்கிறேன், பேச்சை நாம் இருவரும் முடித்துக்கொள்வோம். உன் காலும் கோழியும் நன்றாக இருக்க ஒற்றியூர் அம்மன் துணை.

இப்படிக்கு,
தாமோதரன் (கைநாட்டு)

பின்குறிப்பு: ஆலிஸ் முழுவதையும் படித்துக் காட்டியது, சரி என்றேன். உறையில் போடும்போது, "அண்ணே, உங்க மச்சானுக்குத்தான் படிக்க வராதே, அங்க யாரு இத்தப் படிச்சுக் காட்டுவாங்க?" என்று கேட்டது. உன் வீட்டுக்கு வருகிற கரண்டு பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை நீ இங்கே கொண்டுவந்து நீட்ட, படித்துச் சொல்வது யார் என்று எனக்குத் தெரியாதா.

மச்சான், நீ எழுந்து போய்க் கோழிக்குத் தீனி வை.

மங்கம்மா, இதுவரைக்கும் நீதான் படித்திருக்கிறாய். மேலே ஞாயிற்றுக்கிழமை என்று இருப்பதை நீயே அடித்துவிடு. அந்த வார்த்தை என்னுடையதில்லை, எடுத்தது தப்பு. நாற்பத்தெட்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன், உனக்கு இஷ்டமா? இல்லை என்றாலும் எழுது, ஆலிஸ் படித்துச் சொல்லும். கீழே பாதித் தாளைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். அதில் நான் பேச மாட்டேன்.