இடைவேளையில் ஒரு மங்களம்

மங்களம் சார் இருந்த இடத்தில் எந்தக் காரியமும் தானாக முடிந்ததே கிடையாது. அவர் முடித்து வைத்தால்தான் உண்டு. கச்சேரி, கல்யாணம், ஆபீஸ் மீட்டிங், ரேடியோவில் மாநிலச் செய்திகள், எதுவானாலும் சரி. கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். சௌராஷ்டிர ராகத்தில் இரண்டு வரி மங்களம் பாடிக் கையைக் கூப்புவார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வரும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆபீஸில் பியூன் முதல் மானேஜர் வரை யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அபிராமபுரத்தில் அவர் வீட்டு மாடிப் போர்ஷனில் நான் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தேன். வேலையும் அவர் செக்‌ஷனில்தான். ஆகவே பகலில் ஆபீஸ் மங்களம், சாயங்காலம் ரேடியோ மங்களம் என்று எனக்கு இரண்டு வேளையும் இலவசம்.

ஒரு சினிமாவில் கதாநாயகி இருமி இருமிச் செத்துப்போனாள். தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. இவர் திரைக்குக் கீழே போய் நின்று மங்களம் பாடிவிட்டு வந்தார். "அந்தப் பொண்ண அப்படியே போட்டுட்டு எப்படிய்யா கெளம்பறது?" என்றார் என்னிடம்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மங்களம் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமலேயே கால் எழுந்துவிடும். செருப்பைத் தேடும். லஸ் முனையில் ஒரு நாள், நானும் அவரும் போய்க்கொண்டிருந்தபோது, சைக்கிள் ரிக்‌ஷாக்காரருக்கும் வாழைப்பழ வண்டிக்காரருக்கும் பெரிய சண்டை. சுற்றிலும் கூட்டம். இருவருக்கும் வசவுகள் தீர்ந்துபோய், முதலிலிருந்து ஆரம்பிக்கும் கட்டம். மங்களம் சார் நடுவில் புகுந்து பாட ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சாமி, வூட்ல சொல்ட்டு வந்தியா? நாங்க இங்க அட்ச்சிக்கினு கீறோம், நீ பாட்டு பாடிக்கினு கீறே!" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"முடிஞ்சுதோன்னோ? அதான்."

"முட்ஞ்சிதுன்னு யார் உன்கைல சொன்னது?"

திரும்பிப் பார்த்தால் கூட்டத்தைக் காணோம். மங்களம் கேட்டதும் அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். வேடிக்கை பார்க்க ஆளில்லாமல் சண்டை போடுவதில் ரிக்‌ஷாக்காரருக்கு என்ன சுகம்? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஏறு நைனா, நானே உட்டுட்றேன்" என்று எங்கள் இருவரையும் அபிராமபுரத்தில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கும்போது மங்களம் சார் மறுபடி தொண்டையைக் கனைத்தார். ரிக்‌ஷாக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார்.

எங்களுக்கெல்லாம் இது வேடிக்கை. அவருடைய ஒரே பெண் விஜிக்கு இது தலைவலி. தாயில்லாத பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. லட்சணமாக இருப்பாள், நன்றாகப் பேசுவாள். அவளைப் பார்க்க வந்த முதல் வரன் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, காப்பி குடித்து, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்தது. இது ஒரு நல்ல காரியத்தின் முடிவு என்று இவருக்குத் தோன்றிவிட்டது. பாடினார். நம் பேச்சில் ஒரு விஷயத்துக்கு மங்களம் பாடியாச்சு என்றால் அது ஒழிந்தது என்று அர்த்தம். பிள்ளையைப் பெற்றவர் முகம் கறுத்துப்போய்ப் படி இறங்கினார். லெட்டர் வரவில்லை. இரண்டாவது வரனுக்கும் அதே சொஜ்ஜி, அதே மங்களம். அதற்கப்புறம் விஜி இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

மூன்றாவதாக மாம்பலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பிள்ளைக்கு வடக்கே உருக்காலையில் இன்ஜினீயர் வேலை. லீவில் வந்திருந்தான். அவன் அம்மா, வைரத்தோடு போட்ட மாமி, வீட்டுக்கு வந்து பார்ப்பதெல்லாம் வேண்டாம், கோயிலிலோ சபாவிலோ எதேச்சையாகப் பார்த்த மாதிரி பார்த்துவிடலாம் என்று சொல்லியனுப்பினாள். மங்களம் சாருக்கு ஒரே குதூகலம். அவர் மெம்பராக இருந்த மயிலாப்பூர் சபாவில் அந்தச் சனிக்கிழமை 'மேல்நாட்டு இசை நாட்டிய நாடகம்' என்று போர்டு வைத்திருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து ஒரு கோஷ்டி வந்திருந்தது. அந்த ஊர் ராஜாக்கள் அரண்மனையில் உட்கார்ந்து பார்த்த பழைய பாட்டு நாடகமாம். ஆப்பெரா என்று பெயர்.

"நாட்டிய நாடகம்னா கடைசியில கல்யாணம்தானேப்பா! இதவிட நல்ல சகுனம் எங்க கெடைக்கும்?" என்றார் என்னிடம்.

கிளம்புவதற்கு முன் விஜி அவரைக் கூடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, இந்தத் தடவை நீ பாடப்படாது."

"சரிம்மா."

"முணுமுணுக்கவும் படாது."

"மனசுக்குள்ள?"

"மனசுக்குள்ள பாடினா ஒன் ஒதடு அசையும். அதுவும் படாது. எந்தலைல கை வெச்சு சொல்லு."

சொன்னார். சொல்லும்போதே பாவம், முகம் தொங்கிவிட்டது. விஜி என் பக்கம் திரும்பினாள். "நீங்க அப்பா பக்கத்துலயே ஒக்காருங்கோ சார். தொண்டையக் கனைச்சா தொடையில கிள்ளிடுங்கோ." என் வாழ்க்கையில் யாரும் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பெரிய பொறுப்பு அதுதான்.

ஹால் நிறைந்திருந்தது. மெம்பர்களுக்கு இலவசம். மாம்பலத்தார் எங்களுக்கு முன் வரிசையில் எதேச்சையாக உட்கார்ந்து, எதேச்சையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுதா விலகியது. சீன் இல்லை, சிம்மாசனம் இல்லை. ஓரமாகப் பிடில்காரர்கள். அவர்கள் நடுவே ஒரு பெட்டி. பார்த்தால் பியானோ, தட்டினால் வீணை. அதன் பக்கத்தில் பாடகர்கள் கறுப்பு உடுப்பில், கையில் புஸ்தகத்தோடு வரிசையாக நின்றார்கள். நடு மேடை காலி.

"பாவம், சாமானெல்லாம் கப்பல்லேர்ந்து எறங்கல போலருக்கு," என்றார் பின் வரிசைக்காரர்.

பிறகு நாட்டியக்காரர்கள் வந்தார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் பாட, நடுவில் இவர்கள் ஆட, ஹாலுக்கே நிம்மதி வந்துவிட்டது. நம் பரதநாட்டியமும் அப்படித்தானே! நட்டுவாங்கம் செய்பவர் எங்கே என்பதுதான் பாக்கி. பிறகு தாடி வைத்த ஆறடி ஆள் ஒருவர் எழுந்து வாயைத் திறந்தார். வந்தது பெண் குரல். ஹாலில் பாதிப் பேர் அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். மங்களம் சார் மட்டும் சொக்கிப்போய்விட்டார். "பாத்தியா, சுத்திட்டு மறுபடி பல்லவிக்கே வந்துட்டான்! ரெண்டாந்தடவை சங்கதி கூட்டறான் பாரு!" என்று தொடையில் தட்டினார். அது என் தொடை.

கதையும் புரிந்துவிட்டது. ஒரு இளவரசி, ஒரு மேய்ப்பன், இருவருக்கும் பிரியம். பொறாமைக்கார தேவதை ஒருத்தி சாபம் கொடுக்கிறாள். தாடிக்காரர்தான் மேய்ப்பனுக்காகப் பாடுபவர். இளவரசியாக ஆடிய பெண் சுழன்று சுழன்று வந்து, மேடை நடுவில் தொப்பென்று விழுந்தாள். அசையவில்லை. தாடிக்காரர் படி இறங்குவது போலக் குரலை இறக்கி இறக்கி ஒரு ஒப்பாரி பாடினார். பெட்டி இரண்டு தட்டுத் தட்டி நின்றது. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது மேடையில் ஒருவரும் இல்லை.

யாரும் கை தட்டவில்லை. செகரட்டரி வந்து ஏதாவது சொல்லுவார் என்றால், அவர் வெள்ளைக்காரர்களுக்கு மிளகாய் இல்லாமல் அடை வார்க்கச் சொல்லக் காண்டீனுக்குப் போயிருந்தார்.

முன் வரிசையில் மாமியின் குரல் எழுந்தது. "என்னடா இது, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பொணம் விழறது! எழுந்திருங்கோ, போலாம். பெருமாள் வேண்டாங்கறார்."

பிள்ளை எழுந்திருக்கவில்லை. விஜியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மங்களம் சாரைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்திருந்தார். இப்படி ஒரு முடிவு, அதற்கு மங்களம் இல்லை, எதிரே பெண்ணின் வாழ்க்கை எழுந்து போகப் பார்க்கிறது, பாடினாலும் போச்சு, பாடாவிட்டாலும் போச்சு. என் விரல்கள் அவர் தொடைமேல் தயாராக இருந்தன. அவர் கனைக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வாக்கை மட்டும் விடவில்லை.

அப்போது சௌராஷ்டிரம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிள்ளியே விட்டேன்.

"நான் இல்லப்பா!" என்று அலறினார்.

பாடியது விஜி. எழுந்து நின்று, அப்பாவைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்று பாடினாள். பிறந்தது முதல் தினம் இரண்டு வேளை கேட்ட பாட்டு, வராமல் எங்கே போகும்? பாதி எழுந்திருந்த மாமி அப்படியே நின்று கையைக் கூப்பினாள். கூப்பிய கையோடு ஹால் முழுக்க எழுந்தது. அடுத்த நிமிஷம் வாசலில் செருப்புச் சத்தம், சைக்கிள் மணி, "டாக்ஸி!" என்று ஒரு குரல்.

வெளியே வந்ததும் மாமி விஜியின் மோவாயைப் பிடித்துக்கொண்டாள். "வயத்துல பால வார்த்தேடி கொழந்தே! இந்த மனசோட நான் எப்படி ஆத்துக்குப் போறதுன்னு தவிச்சுண்டிருந்தேன். ஒனக்குத் தோணித்தே! யார் கத்துக் குடுத்தா?"

"எங்கப்பாதான் மாமி," என்றாள் விஜி.

மங்களம் சார் விட்ட பெருமூச்சு கச்சேரி ரோடு வரை கேட்டிருக்கும். நானும் விட்டேன்.

அப்போது செகரட்டரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "எங்க சார் போறேள் எல்லாரும்? இன்னும் பாதி பாக்கி! இது இடைவேளை! அவா வேற டிரெஸ் போட்டுண்டு வந்து பாத்தா ஹால்ல ஈ காக்கா இல்ல. நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமான்னு தாடிக்காரர் அழமாட்டாக் கொறையாக் கேக்கறார்!"

"அதெப்படி ஓய்? மங்களம் பாடியாச்சே!" என்றார் ஒரு மெம்பர். மங்களத்துக்கு அப்புறம் கச்சேரி தொடரலாமா என்று தெருவிலேயே விவாதம் ஆரம்பித்துவிட்டது. நாலு பேர் தொடரலாம் என்றார்கள், நாலு பேர் கூடாது என்றார்கள். மாமிதான் தீர்ப்புச் சொன்னாள். "அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரிஞ்சுக்காம நான் நகரமாட்டேன். வாங்கோ எல்லாரும்."

அத்தனை பேரும் திரும்ப உள்ளே போனோம். எங்களைப் பார்த்ததும் பெட்டி வாசித்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். இரண்டாம் பாதியில் தேவன் ஒருவன் வந்தான். மேகம், தேர் எதுவும் இல்லாததால் எங்களுக்கு நடுவில் நடந்துபோய் மேடைப் படியேறினான். மறுபடி வந்து விழுந்து கிடந்தவளைத் தொட்டான். அவள் எழுந்தாள். "அப்பாடா!" என்று மாமி வாய்விட்டே சொன்னாள். ஹால் சிரித்தது. பிறகு அவர்கள் ஆடினார்கள் பாருங்கள், ஜோடி ஜோடியாக, வளைந்து, குனிந்து, கை கோத்து, முடிக்க மனசே வராதவர்கள் போல. முடிந்ததும் எல்லோரும் மங்களம் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். "பாடியாச்சு. கொழந்தை பாடினா நான் பாடினாப்போல." பிறகு என் பக்கம் குனிந்து, "இனிமே அந்தக் கைய எடுப்பா," என்றார்.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. லீவு முடிந்து மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பினான், விஜியும் கூட. சென்ட்ரலுக்கு நாங்கள் வழியனுப்பப் போனோம். கார்டு விசில் ஊதினார். விஜி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாடேன்ப்பா. இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். கண்ணை மூடினார். நானும் காத்திருந்தேன். வண்டி அசைந்தது. கண்ணைத் திறந்துவிட்டார்.

"மாட்டேன்," என்றார். "இது இடைவேளைடி."

விஜி சிரித்தாள். ஜன்னல் நகர்ந்து போகும் வரை சிரித்தபடியே கையை ஆட்டினாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அழுதுவிடுவார் என்றல்லவா நான் பயந்துகொண்டு வந்தேன். கிள்ளிப் பழகிய கையை அவர் தோளில் போட்டுக்கொண்டு, பிளாட்பாரத்திலிருந்து வெளியே கூட்டிவந்தேன்.

மங்களம் சார் போய் வெகு காலம் ஆகிறது. இதை எழுதி முடித்துவிட்டு அவருக்காக இரண்டு வரி பாடலாம் என்று கண்ணை மூடினேன். எனக்கும் வாய் வரவில்லை.