குழாயை மூடியது நான்தான்

மேன்மை தங்கிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, அதிபருடைய ஆலோசகரின் பாட்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். உங்கள் வீட்டிலும் அச்சுக்கூடத்திலும் அவ்விதமே என்று நம்புகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனாலும் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்தில் என் பேரன் படம் போட்டிருந்தீர்கள். படம் லட்சணமாக இருந்தது, கத்தரித்து வைத்திருக்கிறேன். கீழே இருந்த செய்திதான் அநியாயம். பஸ் கட்டணம் ஏறப்போவதைத் தேர்தல் முடிகிறவரை மறைக்கச் சொன்னவன் என் பேரனாம். அவன் வீட்டுச் சமையலறையில் அவன் சொன்னதைக் காதால் கேட்டவரே சொன்னாராம். கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற அம்மாள்தான். அவள் பேரை எழுத மாட்டேன், ஏணி இரவல் வேண்டுமென்றால் அவளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

நடந்தது இதுதான். அதிபர் மாளிகையில் விளக்குக்குள்கூட ஒட்டுக்கேட்கிற கருவி இருக்கிறதாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் அதிபரே, நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், யாருக்கும் தெரியாமல் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து சமையலறை மேஜையில் உட்காருவார். கூட வருகிற காவலர் தோட்டக்காரர் மாதிரி உடுத்திக்கொண்டு என் தக்காளிச் செடிகளின் மேலேயே நிற்பார், அதைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன். பேச்சு வெளியே போகாமலிருக்கத் தொட்டிக் குழாயைச் சோவென்று திறந்துவிட்டுத்தான் பேசுவார்கள். நான் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன். இவளுக்கு அரசியல் என்ன புரியும் என்று யாரும் என்னை எழுந்து போகச் சொல்வதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன், "சார், ஏத்தப் போறோம்னு இப்பவே சொல்லிடுங்க. ஓட்டு வாங்கின மறுநாள் ஏத்தினா ஜனங்க மூஞ்சில முழிக்க முடியாது" என்றான். அதிபர் கையைப் பிசைந்தார். "ஏம்ப்பா, நீ என்னை ஜெயிக்க வைக்க வந்தவனா, வீட்டுக்கு அனுப்ப வந்தவனா?" "வீட்டுக்குப் போனாலும் தலை நிமிர்ந்து போகலாம் சார்." "உனக்கென்னப்பா, வீடு இருக்கு. நான் மாளிகையைக் காலி பண்ணிட்டு மச்சான் வீட்டு மாடியிலதானே போய்க் குடியிருக்கணும்!"

இந்த இடத்தில்தான் என் கை சும்மா இருக்கவில்லை. ஒரு மணி நேரமாகக் குழாய் ஓடுகிறது, மேல்தொட்டி காலியாகிறது, மறுநாள் துணி துவைக்க வேண்டும். தேசத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தொட்டியை நான்தானே பார்க்கணும்? எழுந்து போய்க் குழாயை இறுக மூடினேன். மூடின அதே நொடியில் அதிபர், தண்ணீர் இன்னும் ஓடுகிற நினைப்பில், "தேர்தல் முடியட்டும்! அதுவரைக்கும் பஸ் கட்டணத்தைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது!" என்று கத்தினார். ஜன்னல் திறந்திருந்தது. மாடியில் அந்த அம்மாள். எங்கள் வீட்டில் ஆண் குரல் கேட்டால் அது என் பேரன்தான் என்பது அவள் கணக்கு.

இப்போது அவனை விலகச் சொல்லி வாசலில் ஒரே கோஷம். "போய் உண்மையைச் சொல்லேன்டா" என்றால், "நம்பிப் பேசினவரைக் காட்டிக் கொடுக்கறதா பாட்டி? ஆலோசகன்னா அடி வாங்கத்தான். நீ பேசாம இரு" என்கிறான். ராஜினாமாக் கடிதம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறான், வெள்ளிக்கிழமை கொடுக்கப்போகிறானாம். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. எட்டு வயதில் எவனோ உடைத்த பள்ளிக்கூட ஜன்னலுக்கு வாய் திறக்காமல் அடி வாங்கி வந்த பிள்ளை இவன். அன்றைக்கே நான் போய்த் தலைமையாசிரியரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது முப்பது வருஷமாக உறுத்துகிறது. இன்னொரு முப்பது வருஷம் உறுத்த எனக்கு வயசில்லை.

ஆகவே மறைக்கச் சொன்னவர் அதிபர், உடைத்துச் சொல்லச் சொன்னவன் என் பேரன், குழாயை மூடியவள் நான் என்று அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டியது. படமும் அதையே போடலாம். உங்கள் இயந்திரம் நிற்காமல் ஓடவும், பிள்ளைகள் உங்களைப் பார்த்துப் பெருமைப்படவும் மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஆலோசகரின் பாட்டி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் இப்போதைக்குப் போட வேண்டாம். உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அதிபர் தம்பி பின்வாசலில் வந்து நின்றார். பேரன் வீட்டில் இல்லை. "சும்மா நிக்கறீங்களே தம்பி, இதுல ஏதாவது பொய் இருக்கான்னு பாருங்க" என்று இந்தக் கடிதத்தையே கையில் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். காது மடல் சிவந்துபோனது. "மச்சான் வீட்டு மாடியையுமா எழுதணும் பாட்டி?" என்றார். "சொன்னது நீங்கதானே" என்றேன். மேஜையில் உட்கார்ந்து என் பட்டாணியை உரித்தார், பாதியைக் கீழே சிந்தினார். பிறகு எழுந்து, ஃப்ரிட்ஜிலிருந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இதை அனுப்பாதீங்க பாட்டி. வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில நானே சொல்லிடறேன்" என்றார். நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். ஆகவே ஆசிரியர் அவர்கள் வியாழக்கிழமை டிவி பார்க்கவும். அவர் சொல்லிவிட்டால் இதைக் கிழித்துப் போடவும். சொல்லாவிட்டால், முதல் பக்கம் என்று கேட்டிருந்தேனே, அது அப்படியே இருக்கட்டும்.