நாற்பது பொறிவண்டும் ஒரு பரணும்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல தகப்பனாக மாறிவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் பிறந்தது சனிக்கிழமை சாயங்காலம். அப்போதுதான் என் மனைவி, "நாளைக்குப் பரண் சுத்தம் பண்ணணும், எங்கயும் கிளம்பிடாதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

மற்றவர்கள் 'தலைக்கு மேல வேலை' என்பது பேச்சுக்காக. எங்கள் வீட்டில் அது நிஜமாகவே தலைக்கு மேல்தான் இருக்கிறது. மிக்சி வந்த அட்டைப்பெட்டி, மிக்சி போன பிறகும் அதே பெட்டி, மூன்று கால் நாற்காலி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து. ஏறினால் தும்மல், இறங்கினால் திட்டு. "இதை ஏன் தூக்கிப் போட்டீங்க?" என்று ஒன்று, "இதை ஏன் தூக்கிப் போடலை?" என்று இன்னொன்று.

காலையில் டீ குடிக்க உட்கார்ந்தேன். டம்ளருக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. பேப்பர் தட்டில் பொறிவண்டு செய்வது எப்படி என்று படம் போட்டிருந்தது. கடவுளே அனுப்பிய தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, நான் குழந்தைங்களோட உட்காருறதே இல்லைன்னு சொல்லுவியே..."

"எட்டு வருஷமா சொல்றேன்."

"இன்னிக்குப் பூரா அவங்களோடதான். பேப்பர் தட்டுல பொறிவண்டு. சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளி, ரெண்டு மீசை."

"அப்ப பரண்?"

"குழந்தைங்க முக்கியமா, பரண் முக்கியமா?"

பதிலடிக்குத் தயாராக இருந்தேன். வரவில்லை. "குழந்தைங்கதான்" என்றவள், உள்ளே போய் ஒரு கட்டுப் பேப்பர் தட்டும் பெயின்ட் டப்பாக்களும் கொண்டுவந்து வைத்தாள். இதெல்லாம் நம் வீட்டில் எப்படித் தயாராக இருந்தது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் தோன்றவில்லை.

பிறகு ஏணியை இழுத்துப் பரணுக்கு அடியில் சாத்தினாள். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க வேலை முடிஞ்சதும் ஒரு குரல் கொடுங்க. சேர்ந்து ஏறலாம்."

ஆக, முடிக்கக் கூடாது. அவ்வளவுதானே?

நான் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். நாள் முழுக்கப் பொத்தான்கள் என் முன்னால் ஊர்ந்து போகும். நாலு ஓட்டையும் சரியாக இல்லாததை எடுத்துக் கூடையில் எறிவேன். அங்கே நான் பெரும்புள்ளி இல்லை, ஆனால் ஒரு புள்ளி கோணினால் பொறுக்க மாட்டேன்.

இளையவளுக்கு ஐந்து வயது. அவள் வண்டுக்குப் பத்தொன்பது புள்ளி. அதில் நாலு, தட்டைத் தாண்டி மேஜையில்.

"குட்டி, ஏழுதாம்மா வைக்கணும். இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, நடுவுல ஒண்ணு."

"இது நிறைய சாப்பிடுற வண்டுப்பா."

மூத்தவளுக்கு எட்டு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல். அவள் வண்டுக்கு நீலம் பூசியிருந்தாள்.

"பொறிவண்டு சிவப்பாத்தான் இருக்கும்."

"உலகத்துல இருக்கிற எல்லாப் பொறிவண்டையும் பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப எப்படிச் சொல்றீங்க?"

பழக்கதோஷம். கை தானாகவே நீண்டு இரண்டு வண்டையும் ஓரமாகத் தள்ளியது. வாயும் சும்மா இருக்கவில்லை. "ரிஜெக்ட்" என்றது. இளையவளின் உதடு பிதுங்கியது. வக்கீல் தங்கையின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வாடி, அப்பா தனியா விளையாடட்டும்."

இருவரும் தங்கள் வண்டுகளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்கள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பின்னாலேயே போய்ச் சமாதானம் பேச எழுந்தேன். உள்ளறைக் கதவு திறந்தது. தலைத்துண்டு எட்டிப் பார்த்தது.

"முடிஞ்சுதாங்க?"

"எங்கம்மா! இப்பதான் சூடு பிடிச்சிருக்கு."

உட்கார்ந்து புதுத் தட்டு ஒன்றை எடுத்தேன். மருந்து பாட்டில் மூடியைக் கறுப்புப் பெயின்டில் தோய்த்துக் குத்தினேன். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பத்து வண்டு ஆனபோது மறுபடியும் கதவு.

"முடிஞ்சுதாங்க?"

"மீசை பாக்கி."

இருபதில், "கண்ணு காயணும்" என்றேன். முப்பதில், "செக்கிங் நடக்குது" என்றேன். அவள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கடையில வாங்கின மாதிரியே இருக்கு. சரி, போதும்னா வாங்க, ஏறலாம்."

"போதும்னு யார் சொன்னது?"

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஏணி கண்ணில் படும். இளையவள் கொண்டுவந்து வைத்த பிஸ்கட்டில் பொழுதை ஓட்டினேன். நாலு மணிக்குக் கட்டுக்குள் கைவிட்டேன். தட்டு இல்லை. மேஜைக்கு அடியில் தேடினேன். சாப்பிடுகிற தட்டை எடுத்துப் பெயின்ட் அடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் விதியே என்று எழுந்து போய் ஏணியில் கால் வைத்தேன்.

பரணில் தலையை நீட்டினேன். அட்டைப்பெட்டிகள் உயரவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டியிருந்தது. மூன்று கால் நாற்காலியைக் காணோம். விரலால் பலகையைத் தடவினேன். விரலில் தூசி ஒட்டவில்லை. என் விரலில் இருந்த சிவப்புதான் பலகையில் ஒட்டியது.

"இது எப்ப நடந்தது?"

கீழே இருந்து வக்கீல் பதில் சொன்னாள். "வியாழக்கிழமையேப்பா. அம்மாவும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் பண்ணினாங்க. நாங்ககூடத் துணி பிழிஞ்சு கொடுத்தோம்."

இறங்கி வந்தேன். மனைவி வண்டுகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களோடது முப்பத்தெட்டு. இவங்களோட ரெண்டும் சேர்த்தா நாப்பது, சரியாப்போச்சு. நாளைக்குப் பெரியவ கிளாஸ்ல நாப்பது பேரும் முதுகுல கட்டிக்கிட்டு ஆடப்போறாங்க. நான் செஞ்சு தரேன்னு டீச்சர்கிட்ட ஒத்துக்கிட்டேன். நீலம்தான் ராணி வண்டு."

வக்கீல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ரிஜெக்ட்டை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன். இளையவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"டம்ளருக்கு அடியில இருந்த தாள்?"

"நான்தான் வச்சேன்."

"அந்தத் தலைத்துண்டு?"

"கதவைத் திறக்கிறப்ப மட்டும் கட்டிக்குவேன். மத்த நேரம் நாவல் படிச்சேன். நல்லா இருந்தது."

எனக்கு ரோஷம் வந்தது. "வண்டு வேணும்னு நேராவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? உண்மையைச் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னேன்.

"பரண் சுத்தம் பண்ணணும்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன்."

"அதனாலதான் அதை வியாழக்கிழமையே முடிச்சேன்."