சுல்தான் பாய் வீட்டுக் கேபிள் டை

சோலார் பேனலுக்கு அடியில் தலையை நுழைத்த வேல்ராஜ், ஒயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை விரலால் லேசாகத் தொட்டான். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. பக்கத்தில் இருந்ததைத் தொட்டான். அதுவும் போச்சு. எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் கையாலேயே இழுத்துக் கட்டிய வெள்ளை டைகள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் உயிரை விட்டிருந்தன. ஒயர்கள் எல்லாம் தொங்கிக் காற்றில் ஆடின.

ஒயர் தொங்கினால் கட்டிவிடலாம். ஆனால் வீடு கீழக்கரை ஹமீது சுல்தான் வீடு. துபாயில் இன்ஜினியர் என்று ஊரே மரியாதை கொடுக்கிற ஆள். மதரஸா மாடியில் நாற்பது பேனல் போடப் போகிறார்கள். வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று கமிட்டி அவரிடம்தான் கேட்டிருந்தது. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வந்து, மாதத்துக்கு ஒரு வீடு கிடைத்தாலே பெரிய காரியம் என்று ஓட்டிக்கொண்டிருக்கும் வேல்ராஜுக்கு, அந்த நாற்பது பேனல் கிடைத்துவிட்டால் தொழிலில் நின்றுவிடலாம். இல்லையென்றால் மறுபடி அண்ணன் கடையில் போய் ஃபேனுக்குக் காயில் கட்ட வேண்டியதுதான்.

இதில் இன்னொரு கொடுமை. அந்தத் தெருவில் ஆம்பளை சும்மா மாடி ஏறிவிட முடியாது. கீழே நின்று, ஆள் மேலே வருகிறது என்று சத்தம் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்து மாடிகளில் துணி காயப்போடும் பெண்கள் இறங்கிப் போன பிறகுதான் ஏறலாம். ஆக, அவன் ஒரு ஒயரைத் தொட வந்தாலும் தெருவுக்கே தெரிந்துவிடும்.

சுல்தானின் மனைவி மாஷிதா அவருக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே துபாயிலிருந்து வீடியோ கால் வந்தது. தேய்த்த சட்டையும் சீவிய தலையுமாக சுல்தான் பாய். கோபமே இல்லாமல் கேட்டார், வெள்ளை டை எதற்குப் போட்டீர்கள் என்று. பார்க்கப் பாந்தமாக இருக்கும் என்றுதான் போட்டேன் என்றான் இவன். வெள்ளை வெயிலுக்குத் தாங்காது என்றார் அவர்.

"இனி ஸ்டீல் டை போட்டுர்றேன் பாய். ஜென்மத்துக்கும் அறாது."

"கடலோரமாச்சே தம்பி."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுறேன் பாய்."

ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கட்டுற வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று இவனுக்கு ஒரு நினைப்பு.

ராமநாதபுரத்தில் மலிவாகக் கிடைத்த ஸ்டீல் டை ரெண்டே மாதத்தில் துருவேறிப் பழுப்பாக வழிந்தது. அதன் விளிம்பு ஒயரின் தோலை வேறு அறுத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, ஊரில் கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. மாஷிதா பிரியாணிக்கு அரைத்த மசாலா மிக்ஸியிலேயே பாதியில் கிடந்தது. அன்று அந்த வீட்டில் சாப்பிடும்போது மணி நாலு. வேல்ராஜ் வந்து சத்தம் கொடுத்ததும், "இன்னைக்கு என்ன போச்சாம்?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து மாடியில் ஒரு குரல் இறங்கிப் போனது. இவனுக்குக் காது சுட்டது.

வெயில் தாங்கும் கறுப்பு டை என்று கேட்டு வாங்கிக் கட்டுங்கள், நாளைக்கு நான் பார்க்க வேண்டும் என்றார் சுல்தான் பாய். கடையில் இல்லை. மதுரையிலிருந்து வர ரெண்டு நாள் ஆகும். உண்மையைச் சொல்லி ரெண்டு நாள் கேட்டிருக்கலாம். புத்தி அந்த வழியில் போகவில்லை. கையில் மிச்சமிருந்த வெள்ளை டைகளுக்குக் கதவுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டைப் பூசி, காயவைத்து, நூற்றிருபதையும் கட்டி முடித்தான்.

மறுநாள் வீடியோவில் பாய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, டை பூட்டுற தலைக்குப் பக்கத்துல பல்லு இழுபட்ட இடம் இருக்கில்ல, அதக் கிட்டக்கக் காட்டுங்க."

காட்டினான். பெயிண்ட் உரிந்து வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை அந்த மனுஷன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வேல்ராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மதுரைச் சரக்கு வந்தது. எல்லாவற்றையும் வெட்டிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். ரெண்டு மணி நேரமும் பாய் லைனிலேயே இருந்தார். ரொம்ப இறுக்காதீர்கள், ஒயர் பகலில் நீளும், ராத்திரியில் சுருங்கும் என்றார். டையில் நீட்டிக்கொண்டிருக்கிற வாலை ஒட்ட நறுக்குங்கள், விட்டால் அடுத்து கைவைக்கிறவன் கையைக் கிழித்துவிடும் என்றார். வேல்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபடி செய்தான். ஆனால் முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது, இவ்வளவு சுத்தமான வேலையை இதுவரை செய்ததில்லை என்று அவனுக்கே பட்டது. அது வேறு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பேச்சே இல்லை. மதரஸா வேலை கைவிட்டுப் போச்சு என்று முடிவுகட்டி, அண்ணனிடம் பேசப் பஸ் ஏறவிருந்த அன்று, மாஷிதா வரச்சொல்லிப் போன் செய்தாள். சுல்தான் பாயோடு ஒரே கம்பெனியில் வேலை செய்யும் காஜா நவாஸ் லீவில் வந்திருந்தான். ரெண்டு பேரும் சத்தம் கொடுத்துவிட்டு மேலே ஏறினார்கள். காஜா பேனலுக்கு அடியில் படுத்து ஒவ்வொரு டையாக இழுத்துப் பார்த்தான். வேல்ராஜுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒங்க பாய் ஏசியில உக்காந்துக்கிட்டு ஒரு டைக்காக என்னைய இந்தப் பாடு படுத்திட்டாரு. ஒரு நாளு வெயில்ல நின்னு கட்டிப் பாத்தாருன்னா தெரியும். மதரஸா வேலை உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

காஜா எழுந்து சட்டையைத் தட்டினான். படிக்கட்டுப் பக்கம் போய், கீழே மாஷிதா இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"வேலை ஒங்களுக்குத்தாண்ணே, கமிட்டியில சொல்லிட்டாரு. ஒம்பது வருசமா அங்கன சோலார் வேலையில வெயில்ல நின்னு அவரு கட்டுறதே இந்த டைதான். அடுத்த மாசம் மொத்தமா ஊருக்கு வாராரு, ஒங்ககிட்ட ஒரு ஆளுக்கு வேலை இருக்குமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."