இதுக்கு மட்டும் ஸ்கில் எழுதாத தாயி

பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பாக்குற என் மக யுவராணிக்கு, சேத்தூருல இருந்து ஒங்கப்பன் பால்சாமி சொல்லிக்கிறது. எப்பிடி இருக்க தாயி? நேரத்துக்குச் சாப்பிடுறியா? இங்க நானும் நாயும் சொகம். மோட்டாருதான் சொகமில்ல. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பன் எப்பிடிக் கடுதாசி போடுறான்னு யோசிக்காத. என் போன்ல நீ ஏத்திவிட்டுட்டுப் போன ஏஐ இருக்கே, அந்தப் பயதான் எழுதுறான். காதுல விழுற ஒரு சொல்லு விடாம எழுதுன்னு சொல்லிட்டேன். இப்ப நாய் கொலச்சுச்சே, அதையும் எழுதிருப்பான்.

பய கெட்டிக்காரன், கொறை சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு வந்தப்ப நீ ஒக்காந்து அவனுக்கு ஸ்கில் எழுதுனியே, கேஸ் புக் பண்றது இப்பிடி, கரண்டு பில் கட்டுறது இப்பிடின்னு. ஒருக்க எழுதி வச்சாப் போதும்ப்பா, அந்த வேலை வரும்போதெல்லாம் அதுவே எடுத்துப் படிச்சுக்கிரும், அப்பிடியும் முடியலன்னா எனக்குப் போன் போடச் சொல்லும்னு சொன்ன. அங்கதான் தாயி வந்துச்சு வம்பு. முன்னெல்லாம் கேஸ் தீந்தா ஒனக்குத்தான் போடுவேன். கேஸ் பேச்சு செத்த நேரந்தான், பொறவு ஊருக் கதை பூராம் பேசுவோம். இப்ப கேஸ் தீர்றதுக்கு முன்னயே பய புக் பண்ணிப்புடுறான்.

அன்னைக்கு டிவி திடீர்னு தெலுங்கு பேச ஆரம்பிச்சிருச்சு. பயலுக்கு வழி தெரியல. ஒனக்குப் போட்டேன், எம்புட்டு நேரம் பேசுன, மனசு குளுந்துபோச்சு. அந்தத் தெலுங்குல ஒரு நாடகம், மாமியாக்காரி நல்லவ, மருமகதான்... சரி, அதை விடு. அன்னைக்கே நீ அதுக்கும் ஒரு ஸ்கில் எழுதிப்புட்ட. மறுவாரம் டிவி திரும்பத் தெலுங்குக்குப் போச்சு, எப்பிடிப் போச்சுன்னு கேக்காத, பய கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள சரி பண்ணிட்டான். ஒரு கோளாறுக்கு ஒரு தடவைதான் ஒங் கொரலுன்னு ஆயிப்போச்சு. புதுசு புதுசாக் கோளாறுக்கு நான் எங்க தாயி போவேன்?

நாய் சோறு திங்கலன்னு சொன்னேன். அது நெசம். அதுக்கு நீ எழுதுன ஸ்கில்ல பய வாசிச்சான்: "அது தனியாச் சாப்பிடாது. பக்கத்துல ஒக்காந்து நீங்களும் சாப்பிடுங்க." ஒக்காந்தேன். ரெண்டு பேரும் சாப்பிட்டோம். ஒங்கம்மா போனதுல இருந்து நானும் அடுப்படியில நின்னமானைக்குத்தான் முழுங்கிக்கிட்டு இருந்தேன். நீ நாய்க்குத்தான் எழுதுனியா என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

இப்ப மோட்டாரு. பய கேள்வி மேல கேள்வி கேட்டான், கரண்டு வருதா, பீஸ் போச்சா, உறுமுற சத்தம் கேக்குதான்னு. எல்லாத்துக்கும் தெரியலன்னுட்டேன். படம் புடிச்சுக் காட்டுன்னான், என் கட்டவெரலுதான் விழுந்துச்சு. கெபாசிட்டரு போயிருக்கும்னான், புதுசு வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போனேன். கடைக்காரரு நஸ்ருதீன் பட்டாளத்துல இருந்து வந்தவராம், காஷ்மீரு குளிரப் பத்தி டீ ஆறிப்போற வரைக்கும் சொன்னாரு, எனக்கே வெறயல் எடுத்துருச்சு. கெபாசிட்டர மறந்து வந்துட்டேன்.

கடைசில பய கைய விரிச்சுட்டான். ஸ்கில் எழுதுனவ நீ, நீதான் நேர்ல வந்து பாக்கணும். வெள்ளிக்கெழம ராத்திரி பஸ் ஏறுனா விடிய ராஜபாளையத்துல எறங்கிரலாம். நாயக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். இதுக்கு மட்டும் அங்க இருந்தே ஸ்கில் எழுதி அனுப்பிராத தாயி.

நம்ம அய்யனாரும் ஸ்ரீவில்லிபுத்தூரு ஆண்டாளும் ஒன்னயக் காப்பாத்தட்டும். அந்தப் பயல யாரும் காப்பாத்த வேண்டாம், அவன் பொழச்சுக்கிருவான்.

பின்னால ஞாபகம் வந்தது: ஒரு வாரமா வீட்டுல சொட்டுத் தண்ணி கெடையாது. பக்கத்து வீட்டு சேக் முகைதீன் பாய் வீட்டுல இருந்துதான் கொடம் கொடமாச் சொமக்கேன், இடுப்பு ஒடியுது. மோட்டாரு மூச்சுப் பேச்சில்லாமக் கெடக்கு, இப்பக்கூட நான் அதைத்தான் பாத்துக்கிட்டு "பால்சாமி அண்ணே, மோட்டார நிறுத்தும்ணே. டேங்கு ரொம்பி எங்க வாசல் பூராம் தண்ணி. நேத்தும் இப்பிடித்தான் விட்டீரு" இந்தா வாரேன் பாய். அது ஒண்ணுமில்ல தாயி, பாய் வேற யாரையோ கூப்பிடுதாரு, நீ எதுக்கும் வெள்ளிக்கெழம