தட்சணாமூர்த்தி வீட்டுச் சிவப்புக் கார்

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றியது. என்ஜின் பிடிக்கவே இல்லை. அந்தோணிராஜ் கண்ணை மூடி நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டார். இந்த மாதத்தில் இது நாலாவது திங்கட்கிழமை. நாலு திங்கட்கிழமையும் அவர் இதே சீட்டில் இதே கோலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

“நேத்து ஓடிச்சே மொதலாளி?”

“நேத்து ஓடிச்சு. நீதான் வந்து பாத்தியே. இன்னிக்கு ஓடல, அதான் உன்னக் கூப்ட்டேன்” என்றார் தட்சணாமூர்த்தி.

தட்சணாமூர்த்திக்கு மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. அங்கே தண்ணீர் இறைக்கிற என்ஜின்களை இருபது வருஷமாகப் பார்த்துவருகிறவர் அந்தோணிராஜ். போன வருஷம் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, இடையஞ்சாவடியில் இந்த ஸ்போர்ட்ஸ் காரை முதலாளி வாங்கிவந்தார். காருக்கு நாற்பது வயது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய உயரம், வேறெந்த வண்டியிலிருந்தோ பிடுங்கி மாட்டிய பெரிய என்ஜின். ஓடாமல் கிடந்ததை அந்தோணிராஜ்தான் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பழைய பாயின்ட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்து உறுமவிட்டார்.

அன்றிலிருந்து அந்தோணிராஜுக்கு அந்தக் காரின் மேல் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவார். “பேசாம அதுக்கே தாலி கட்டியிருக்கலாம் நீங்க” என்று அவர் மனைவி ஜான்சி வாரம் தவறாமல் சொல்வாள்.

“இதோ பாரு அந்தோணி, இன்னியோட முடிவு பண்ணிடுவோம். நாளைக்குக் காலைல இது ஓடலன்னா பாண்டிலேருந்து ஆளு வந்து தூக்கிட்டுப் போயிடுவான். அங்க எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாக்கறாங்களாம்.”

நாற்பது வயதுக் காரில் கம்ப்யூட்டரை எங்கே சொருகுவார்கள் என்று கேட்க அந்தோணிராஜுக்கு வாய் வரை வந்தது. ஆனால் அவருடைய பயம் வேறு. பாண்டிக்காரன் பானட்டைத் திறப்பான், வயரிங்கைப் பார்ப்பான், ‘எந்த மடையன் இதுல கை வெச்சான்?’ என்பான். அந்த மடையனின் பெயர் மறுநாளே எக்கியார்குப்பம் வரை போய்விடும்.

பானட்டைத் தூக்கினார். பிளக் வயர்களின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்த ஊரில் பூட்டு, ஆணி, ஜன்னல் கம்பி எல்லாமே இப்படித்தான் பூக்கும். “உப்புக்காத்து” என்று முனகிக்கொண்டே துடைத்தார். நாலு பிளக்கையும் புதுசாக மாற்றிச் சாவியைத் திருப்பினார். கார் உறுமியது.

களைப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்றடி பின்னால் போய், இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தார்.

“அடேங்கப்பா! இந்த ஜில்லாவுல இப்படி ஒரு வண்டி எவங்கிட்டயாவது இருக்குதா மொதலாளி? என்னா நெறம், என்னா இடுப்பு!”

வாசலில் நின்ற முதலாளியின் மனைவி பாக்கியலட்சுமி லேசாக இருமினாள். அந்தோணிராஜ் அடக்கமாகக் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

தட்டில் இரண்டாவது இட்லியைப் பிட்டபோது போன் வந்தது.

“ஏம்பா, மறுபடியும் படுத்துக்கிச்சு.”

ஓடினார். இந்தத் தடவை டிஸ்ட்ரிபியூட்டர் கேப் சொதசொதவென்று நனைந்திருந்தது. வானத்தைப் பார்த்தார், மேகமே இல்லை. ரேடியேட்டர் ஹோஸ்தான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, நன்றாக இருந்த ஹோஸைக் கழற்றி எறிந்தார். கடைத்தெருவுக்குப் போய்ப் புது ஹோஸும், கையோடு ஒரு புதுக் காயிலும் வாங்கிவந்து மாட்டினார். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்ததும் கார் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. “என் கண்ணே பட்ரும்போல இருக்குதே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

டீக்கடையில் கிளாஸ் கைக்கு வருவதற்குள் மறுபடி போன்.

இப்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை, வெடித்தது. சைலன்சரில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். வீட்டை ஒட்டிய உப்பளப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தட்சணாமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“காலைல வெறுமனே ஓடாமத்தானே இருந்துது? இப்ப குண்டு போடுதே அந்தோணி!”

“எங்கியோ எர்த் ஆவுது மொதலாளி. பாத்துடறேன்.”

“நீ பாக்கப் பாக்கத்தான் மோசமாவுது.”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பாக்கியலட்சுமி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். காருக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டே, அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் நகரவில்லை. தன் வேலை மேல் இந்த அம்மாளுக்கும் நம்பிக்கை போய்விட்டது என்று அந்தோணிராஜ் நினைத்துக்கொண்டார். அழுகை வரும்போலிருந்தது.

கடைசியில், செய்யவே கூடாது என்று நினைத்திருந்ததைச் செய்தார். ஆசையாசையாக வைத்த எலெக்ட்ரானிக் இக்னிஷனைத் தன் கையாலேயே பிடுங்கினார். பழைய பாயின்ட்டை டப்பாவிலிருந்து எடுத்து உரசி மாட்டினார். டைமிங் வைத்தார். ஒவ்வொரு வயராகத் துடைத்தார். பொழுது சாயும்போது கார் ஓடியது. முன்போல உறுமவில்லை, ஆனால் ஓடியது. பெற்ற பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டுப் பார்ப்பதுபோல அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கெளம்பு அந்தோணி. காலைல பாப்போம்.”

காலையில் கார் அசையவில்லை. பாண்டி ஆள் வந்து அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான்.

மூன்று நாள் கழித்து முதலாளி போனில் கூப்பிட்டார். குரலில் குதூகலம்.

“அங்க நெறைய வண்டி நிக்குதுன்னு நம்முளத வெயில்ல போட்டிருந்தாங்களாம். இன்னிக்குத்தான் சாவியத் திருப்பினானாம். ஒரே தட்டு, ஸ்டார்ட்டு! ஒண்ணுமே பண்ணலியாம்பா. ‘இதுக்கா இவ்ளோ தூரம் தூக்கியாந்தீங்க’ன்னு சிரிக்கிறான்.”

அந்தோணிராஜும் ஒப்புக்குச் சிரித்து வைத்தார். அப்புறம் ஒரு டப்பா பெயின்ட்டை எடுத்துக்கொண்டு தன் ஷெட்டுக்கு வெளியே போய், ‘கார் மற்றும் பம்ப் என்ஜின்’ என்றிருந்த போர்டில் ‘கார் மற்றும்’ என்பதை அழித்தார். முப்பது வருஷத்துத் தொழிலை அழிக்க இரண்டு இழுப்புதான் ஆனது.

ஜான்சி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தாலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “சாப்புட வாங்க” என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. நேராக வீட்டுக்குப் போவதாக மாதாவிடம் சத்தியம் செய்திருந்தார். ஆனால் டி.வி.எஸ். வண்டி பழக்க தோஷத்தில் தட்சணாமூர்த்தி வீட்டு முன்னால் போய் நின்றது. சிவப்புக் கார் திரும்பி வந்திருந்தது. கழுவித் துடைத்து, முற்றத்து வெயிலில் மினுமினுவென்று நின்றது. முதலாளி அதை ஸ்டார்ட் செய்து காட்டினார். தையல் மெஷின்போல ஓடியது.

“தொடமாட்டேன் மொதலாளி. சும்மா பாத்துட்டுப் போறேன்” என்றார் அந்தோணிராஜ். தன் கை படாத வரைக்கும் இது நன்றாக இருக்கும் என்று அவருக்கே தோன்றிவிட்டது. முதலாளி என்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போனார். அந்தோணிராஜ் மட்டும் தனியாக நின்றார். கண்ணில் தண்ணீர் கட்டியது.

“என்னா அழகுடி நீ” என்றார் மெதுவாக.

பின்பக்கமிருந்து, வீட்டு வேலை செய்கிற சின்னப்பாப்பா கையில் ஒரு குடத்தோடு வந்தாள். குடத்தைக் கீழே வைத்து, பானட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

“பாத்து முடிச்சிட்டீங்கன்னா கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே. நீங்க கண்ணு வெச்சுட்டுப் போற ஒவ்வொரு தபாவும், கல்லுப்பச் சுத்திக் கரைச்சு ஒரு கொடம் என்ஜின் மேல ஊத்திடணும்னு அம்மா சொல்லியிருக்காங்க.”